வாழைநார் அளவு

கமர் ஜஹானுக்குச் சமைக்க வராது. அவள் வைத்த குழம்பை வீட்டில் ஒருவரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. ஆனால் சமையலறையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அன்றைக்குத் திருச்சி ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது. அடுப்புக்கும் அம்மிக்கும் இடையே ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறாள், குடத்தை இறக்க எத்தனை தடவை குனிகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அகப்பை பிடிக்கத் தெரியாதவ அடுப்படியை அளந்துக்கிட்டுத் திரியுறா" என்று அவளைப் பெற்ற அத்தா தாஜுதீன், பாலக்கரைக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேலி போல இருக்கும். பெருமைதான்.

ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் விரிவுரையாளர் அவள். வயது இருபத்தொன்பது. டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரே வரிதான்: நின்றுகொண்டு சமைக்க மேடை கட்டினால் அது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வெளிநாட்டுப் புத்தகங்களில் பதில் இருந்தது. அது அந்த ஊர்ப் பெண்களை அளந்து சொன்ன பதில். நம் ஊர்ப் பெண்ணை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர்கூட அளப்பதில்லை, புடவைக்கு எதற்கு அளவு?

தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளக்க வேண்டும். அதில் நாலு அங்குலம் கழித்தால் மேடையின் உயரம் வந்துவிடும். இவ்வளவுதான் கணக்கு. பாலக்கரையிலும் உறையூரிலும் அரியமங்கலத்திலும் வீடு வீடாக ஏறி, இருநூறு பெண்களைத் தையற்காரரின் டேப்பால் அளந்து முடித்தாள். சராசரி முழங்கை முப்பத்தேழேகால் அங்குலம். "தரையில் உட்கார்ந்தே சமைக்கிற குடும்பங்களையும் பார்க்க வேண்டாமா? ஸ்ரீரங்கத்தில் ஓர் அறுபது பேரையாவது அளந்து வா" என்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் சொல்லிவிட்டார். அங்கேதான் வண்டி மேட்டில் ஏற மறுத்தது.

உத்தர வீதியில் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினாள். பதினோரு வீட்டிலும் மரியாதையாகவே முடியாது என்றார்கள். காலையில் குளித்து, யார் கையும் படாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு மடியாகச் சமையலறைக்குள் நுழைந்தால், வேலை முடிகிறவரை வெளியாள் யாரும் தொடக்கூடாது. வெளியிலிருந்து வந்த துணி படக்கூடாது. டேப்பும் துணிதானே. அதைப் பிடித்திருந்த கையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

பன்னிரண்டாவது வீட்டில் ரங்கநாயகி நிலைப்படிக்கு உள்ளே நின்று, கடைசி வரை கேட்டாள். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். எட்டுப் பேருக்கு இரண்டு வேளைத் தளிகை, அந்த வீட்டுப் பேச்சில் சமையல், அவள் ஒருத்தி கையில்.

"எதுக்கு அளக்கறேள்?"

"நின்னுக்கிட்டே சமைக்கிற மாதிரி மேடை கட்டறதுக்குங்க மாமி. சரியான உயரத்துல இருந்தா இடுப்பு வலி வராது."

ரங்கநாயகி உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள். "நான் கார்த்தாலேருந்து சாயங்காலத்துக்குள்ள நூத்திப் பன்னண்டு தடவை எழுந்துண்டு உக்காரறேன். போன வருஷம் ஒருநாள் சுவத்துல கரிக்கோடு போட்டு எண்ணினேன். யார்கிட்டச் சொல்றது இதை? சொன்னா சிரிப்பா."

கமர் ஜஹான் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டாள். தன்னைப்போலவே பைத்தியம் பிடித்த இன்னொருத்தியைக் காவிரிக்கு அக்கரையில் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வழியைச் சொன்னதும் ரங்கநாயகிதான். "துணி பட்டாத்தான் விழுப்பு, மடி கெட்டுடும். வாழைநாருக்குக் கிடையாது. கொல்லையில வாழை இருக்கு. பட்டையிலேருந்து நார் கிழிச்சு, தரையிலேருந்து முழங்கை வரைக்கும் பிடிச்சு, அங்க ஒரு முடிச்சுப் போட்டுத் தரேன். நீங்க உங்காத்துக்குப் போய் டேப்பை வெச்சு அளந்துக்கோங்கோ. அளக்கறது நான். நானும் மடி, அவாளும் மடி. யாருக்கு என்ன ஆட்சேபம்?"

யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்த இரண்டு வருஷமும் பல சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின. ரங்கநாயகி தெருத் தெருவாகப் போய், உறவிலும் அண்டை அயலிலும் இருந்த ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் நார் பிடித்து வருவாள். கமர் ஜஹான் வாசற்படியில் நின்று காகித உறையை விரித்துப் பிடிப்பாள். ரங்கநாயகி மேலேயிருந்து, கை படாமல், நாரை உறைக்குள் போடுவாள். உறைமேல் பெயர், வயது, தெரு. "நிமிர்ந்து நில்லுங்கோன்னா மூச்சைப் பிடிச்சுண்டு நிக்கறா. பேச்சுக் குடுத்து, மறந்துபோன நேரம் பார்த்து முடிச்சுப் போட்டேன்" என்பாள். அதைக் கேட்கும்போது, கல்லூரியில் எத்தனை வகுப்பெடுத்தாலும் இப்படி ஒரு மாணவி கிடைக்கமாட்டாள் என்று கமர் ஜஹானுக்குத் தோன்றும். யாருக்கு யார் மாணவி என்பதும் அவ்வளவு தெளிவாக இல்லை.

அந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில் கமர் ஜஹானின் அம்மா ஷரீபா காலமானாள். நாற்பது நாள் கழித்து அவள் உத்தர வீதிக்கு வந்தபோது உச்சி வேளை. ரங்கநாயகி மடியாக இருந்தாள். சேதியைக் கேட்டதும் அவள் கை தானாகவே நீண்டது. நிலைப்படி வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு அழுதார்கள். கமர் ஜஹானுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பாதியில் நின்ற அந்தக் கையின்மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை.

அறுபது உறை சேர்ந்ததும் கேட்டாள், "உங்க அளவு எங்கே மாமி?"

"என்னை யார் அளக்கறது? எனக்கு நானே நார் பிடிச்சா குனியணும். குனிஞ்சா அளவு தப்பு" என்றாள் ரங்கநாயகி. அந்தப் பதிலில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோடை விடுமுறையில் கமர் ஜஹான் அறுபது உறையையும் ஒரே மூச்சில் பிரித்து அளந்தாள். நார்கள் காய்ந்து முறுகிக் கிடந்தன. முதல் நாரை நன்றாக இழுத்தாள், பட்டென்று அறுந்துவிட்டது. மற்றதையெல்லாம் விரலால் மெல்ல நீவி, பதமாக வைத்து அளந்தாள். சராசரி முப்பத்தைந்தரை அங்குலம் வந்தது. நகரத்துப் பெண்களைவிட ஒன்றேமுக்கால் அங்குலம் குறைவு!

ஆராய்ச்சியாளருக்கு இதைவிட இனிப்பு வேறென்ன வேண்டும்? வித்தியாசம் கிடைத்துவிட்டது, இனிக் காரணம்தான் தேவை. காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தே சமைத்ததால் அந்தப் பெண்களுக்கு நின்றாலும் தோள் வளைந்தே நிற்கிறது. அதை வைத்து முப்பது பக்கத்தில் நாலாம் அத்தியாயத்தை எழுதினாள். "வளைந்த தோள்" என்று தலைப்பும் வைத்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது.

படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த அத்தியாயம்தான் பிடித்தது. தில்லியில் வீட்டு வடிவமைப்புக்கென்று புதிதாக ஆராய்ச்சிப் பிரிவு தொடங்குகிறார்கள், ரீடர் பதவிக்கான இன்டர்வியூவுக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தது. நாலாம் அத்தியாயம் அபாரம் என்று அதில் தனியாக ஒரு வரி. இங்கே கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலையின் ஊழியர்களுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நானூறு வீட்டுக்கு அப்போது சமையல் மேடை போடவேண்டியிருந்தது. "எல்லாக் குடும்பமும் வரும் மேடம், பொதுவா ஒரு அளவு சொல்லுங்க" என்று இன்ஜினியர் காத்தமுத்து கேட்டார். குட்டையானவர்களுக்கும் எட்ட வேண்டுமே என்று அவள் முப்பத்தொன்றரை அங்குலம் என்று எழுதிக் கொடுத்தாள். ஐந்து வருஷ உழைப்பு ஓர் எண்ணாகி, அந்த எண் சிமெண்டாகப் போகிறது. அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, நோட்டையும் உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு, சேதி சொல்ல ஸ்ரீரங்கம் போனாள். தில்லி என்றதும் ரங்கநாயகிக்குச் சந்தோஷமும் ஏக்கமும் சேர்ந்து முகத்தில் வந்தன. "அவ்வளவு தூரமா?" என்று கேட்டுவிட்டு, உடனே, "போய்ட்டு வா. நன்னா இரு" என்றாள். நீங்க எப்போதோ நீ ஆகியிருந்தது. "சரி, நாங்க எல்லாரும் எவ்வளவுன்னு வந்துது? கொஞ்சம் படியேன், கேக்கறேன்."

கமர் ஜஹான் நோட்டைப் பிரித்துப் பெருமையாகப் படித்தாள். "வேதவல்லி, முப்பத்தஞ்சு. பத்மாசினி, முப்பத்தஞ்சே கால். கோமளவல்லி, முப்பத்தாறு..."

"யாரு, நம்ம கோமளமா? முப்பத்தாறா?" ரங்கநாயகி சிரிக்க ஆரம்பித்தாள். "அவ எங்காத்து நிலைப்படியில தலை இடிக்காம உள்ள வந்ததே இல்லையே! நம்ம தெருவுக்கே கொடிமரம்டி அவ!"

கமர் ஜஹானுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. ரங்கநாயகியின் சிரிப்பும் நின்றது. இரண்டு பேரும் அளக்கத் தெரிந்தவர்கள். ஒரு எண் தப்பு என்றால் அது ஒரு எண்ணோடு நிற்காது என்று தெரிந்தவர்கள்.

ரங்கநாயகி கொல்லைக்குப் போய்ப் புது நார் கிழித்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி கோமளத்தின் சமையலறைக்குள் நுழைந்து, கால் மணியில் திரும்பி வந்தாள். உறையெல்லாம் இல்லை. வாசற்படியிலேயே நாரைப் போட்டாள். கமர் ஜஹான் டேப்பை வைத்தாள். முப்பத்தெட்டு அங்குலம்.

பிறகு பைக்குள்ளிருந்து கோமளவல்லியின் பழைய உறையை எடுத்து, பழைய நாரைப் புது நாருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பச்சையாக, ஈரமாக, நேராகக் கிடந்தது. இன்னொன்று காய்ந்து, வெற்றிலைக் கொடி போல உள்ளுக்குள் நெளிந்து கிடந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குலம். ஒருத்தருடைய தோளும் வளையவில்லை. நார்தான் வளைந்திருந்தது.

"காஞ்சா சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? தினம் பூத் தொடுக்கறவ நான்" என்றாள் ரங்கநாயகி. "நீ அன்னிக்கன்னிக்கே அளந்துண்டுடுவேன்னு நெனைச்சேன். ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேனே."

"ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணுங்க மாமி" என்றாள் கமர் ஜஹான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுததில் ஒரு பங்கு வெட்கம். உங்கள் தோளெல்லாம் வளைந்துபோயிற்று என்று முப்பது பக்கம் எழுதியிருக்கிறாளே! இந்த வாசலில் இரண்டு வருஷம் நிமிர்ந்து நின்ற பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காய்ந்த நாரை நம்பியிருக்கிறாளே!

மறுநாள் துறைத்தலைவி லூர்து மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லூர்து மிஸ் நல்லவர். நல்லவர் என்பதால்தான் அவர் சொன்னதை மறுப்பது கஷ்டமாக இருந்தது.

"இன்டர்வியூவுக்குப் பத்து நாள்தான் இருக்கு கமர். போயிட்டு வந்துடு. வேலை கைக்கு வந்தப்புறம் நிதானமா திருத்திக்கலாம். ரெண்டு அங்குலம்தானே?"

"அந்த ரெண்டு அங்குலத்துல ஒரு பொம்பளை முப்பது வருஷம் குனிஞ்சு நிக்கணும் மிஸ். நானூறு வீட்டுல. நான் போட்ட சிமெண்டு முன்னாடி."

லூர்து மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தந்திப் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். நாலாம் அத்தியாயம் தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று தில்லிக்கு ஒரு தந்தி போயிற்று. கமர் ஜஹான் பஸ் பிடித்துக் கைலாசபுரத்துக்குப் போனாள். காத்தமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "வர திங்கக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன் மேடம். அதுக்கு மேல என்னால முடியாது. எண் கெடைக்கலைன்னா பழைய எண்ணையே போட்டுடுவேன்."

திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தது. அறுபது பெண்களை இரண்டு வருஷத்தில் அளந்தவர்களுக்கு ஒரு வாரம் என்ன மூலைக்கு? மறுபடியும் உத்தர வீதி வாசலில் நின்று சொன்னாள். ரங்கநாயகி கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அசடு, அசடு! ஏண்டி, நாங்க குளிச்சப்புறம்தானே மடி? குளிக்கறதுக்கு முன்னாடி?"

கமர் ஜஹான் விழித்தாள்.

"ஐப்பசி பொறக்கப்போறது. அந்த மாசம் பூரா ஊர்ப் பொம்மனாட்டி அத்தனை பேரும் விடிஞ்சதும் காவேரிக்குத்தான் வருவா. படியில நிக்கறச்சே யாரு மடி? உன் டேப்பும் தொடலாம், நீயும் தொடலாம். தொட்டா என்ன, அடுத்த நிமிஷம் முங்கப்போறோம். நீ தளிகையுள்னு கேட்டே, நானும் தளிகையுள்ளுக்குள்ளயே சுத்திண்டு இருந்தேன். முழங்கை என்ன அடுப்பங்கரையிலயா இருக்கு? ஒடம்போடதானே இருக்கு!"

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் கமர் ஜஹான் டேப்போடு நின்றாள். ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேல்படியில் சமமான கல்லாகப் பார்த்து ரங்கநாயகி சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வேதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள், ஊசி போடுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. பத்மாசினி, "முழு ஒசரமும் பாத்துச் சொல்லிடு, எங்காத்துக்காரர் என்னைக் குள்ளச்சிங்கறார்" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கோமளவல்லிக்கு அளக்கும்போது எல்லோரும் கை தட்டினார்கள். அளந்ததும் ஒவ்வொருத்தியும் படியிறங்கி ஆற்றில் முங்கினாள். மூன்று நாளில் ஐம்பத்தேழு பேர் ஆயிற்று. மூன்று பேர் வெளியூர் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாகக் கூட்டிப் பார்த்தாள். சராசரி முப்பத்தேழு. மேடைக்கு முப்பத்துமூன்று அங்குலம். உத்தர வீதிப் பெண்கள் பாலக்கரைப் பெண்களைப்போலவே இருந்தார்கள். எழுத ஓர் அத்தியாயம்கூட இல்லை. எண்ணை இன்னொரு காகிதத்தில் பெரிதாக எழுதி, காத்தமுத்துவுக்கென்று மடித்து வைத்துக்கொண்டாள்.

படித்துறை காலியாகிவிட்டது. ரங்கநாயகி மட்டும் குளிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தில்லியிலேருந்து ஏதாவது?"

"நேத்துத் தந்தி வந்துது. இன்டர்வியூவுக்கு வரவேண்டாம்னுட்டாங்க."

"போச்சா?"

"போச்சுங்க மாமி."

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து வருஷம். தாங்கிக்கொள்வாள், ஆனால் வலிக்காமல் இருக்குமா?

ரங்கநாயகி எழுந்துபோய்ச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நின்றாள். "ஒருத்தி பாக்கி" என்றாள்.

கமர் ஜஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டேப்பின் ஒரு நுனியைக் கல்லில் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியோடு ரங்கநாயகியின் கையைப் பிடித்து மடக்கினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. முழங்கை காய்த்துப்போயிருந்தது, சூடாக இருந்தது. மூச்சைப் பிடிக்காமல், நிமிர்ந்து, எப்போதும் நிற்கிறபடியே நின்றாள் அவள்.

"முப்பத்தேழரை" என்று கமர் ஜஹான் எழுதிக்கொண்டு, டேப்பைச் சுருட்டப் போனாள்.

ரங்கநாயகி கையை இறக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை அளந்துக்கோ" என்றாள். "அவசரம் இல்லை. எப்படியும் முங்கத்தானே போறேன்."